புதைகுழியைப் பாதியில் விட்ட நாவல்
கண்டி வாசக நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கண்டியிலிருந்தும் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, பேராதனை, கம்பளைப் பக்கங்களிலிருந்தும் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசும் நண்பர்களுக்கு,

போன கூட்டத்தில் நான் வாயே திறக்கவில்லை என்று சிலர் குறைப்பட்டதாகக் கேள்வி. சொல்ல நிறைய இருந்தது. ஆளுக்கு ஆள் சூடாகக் கதைத்ததில் என் முறை வரும்போது கம்பளை பஸ்ஸுக்கு ஓடவேண்டியவர்கள் பையைத் தூக்கிவிட்டார்கள். ஆகவே எழுதுகிறேன். சொல்லப்போவது எல்லாருக்கும் பொதுவானது, ஒளிக்க ஒன்றுமில்லை.

வர முடியாமல் போனவர்களுக்காக ஒரு சுருக்கம். நாம் எடுத்துக்கொண்டது கேத்தி ரைக்ஸ் எழுதி 2002 இல் வெளிவந்த ‘கிரேவ் சீக்ரெட்ஸ்’. டெம்பரன்ஸ் பிரெனன் என்ற தடயவியல் மானிடவியலாளரைக் கதாநாயகியாகக் கொண்ட வரிசையில் ஐந்தாவது நாவல். 1997 இல் ‘டேஜா டெட்’ நாவலோடு தொடங்கிய வரிசை, இருபது புத்தகங்களைத் தாண்டியும் நிற்கவில்லை. ‘போன்ஸ்’ என்று 2005 முதல் 2017 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடருக்கும் மூலம் இதுதான். ஆனால் தொடரில் வரும் பிரெனனும் புத்தகத்தில் வரும் பிரெனனும் பெயரளவில்தான் ஒருவர். தொடரைப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்கு வந்த தம்பி இருவர் பாவம், கதையே பிடிபடாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள்.

ரைக்ஸ், நூலகத்தில் உட்கார்ந்து எலும்பைப் பற்றி எழுதியவர் அல்லர். வட கரோலினாவில் பேராசிரியராக இருந்தவர். கனடாவின் மொன்றியல் சட்ட மருத்துவ ஆய்வகத்தில் எலும்பு பார்த்தவர். குவாத்தமாலாவுக்கே போய் மனிதப் புதைகுழி அகழ்வில் மண் அள்ளியவர். அந்த மண்ணில்தான் நாவல் தொடங்குகிறது. 1982 இல் இராணுவத்தாரால் கொல்லப்பட்ட மலைக்கிராமத்துப் பெண்களையும் குழந்தைகளையும் தோண்டி எடுக்கும் குழுவில் பிரெனன் இருக்கிறார். சுற்றிவர உறவினர்கள் மௌனமாக நிற்கிறார்கள். இருபது வருடமாகக் காத்திருந்தவர்கள். பிறகு தலைநகரிலிருந்து கலியானோ என்ற துப்பறிவாளர் வருகிறார். ஒரு விடுதியின் மலக்குழியில் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. நான்கு இளம்பெண்களைக் காணவில்லை. அவர்களில் ஒருத்தி கனடாத் தூதுவரின் மகள். கதை அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது.

இனி உங்கள் அபிப்பிராயங்கள். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் சொன்னார்: “இது நாவலில்லை, வகுப்பு. பக்கத்துக்குப் பக்கம் எலும்பின் பெயர்.” அவருக்கு எதிரே இருந்த தாதித் தங்கை, அந்தப் பக்கங்களைத்தான் இரண்டு தரம் வாசித்தேன் என்று திருப்பிக் கொடுத்தார். நான் தங்கையின் கட்சி. இடுப்பெலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதையும், எலும்பு முனைகள் ஒட்டியிருக்கும் அளவை வைத்து வயதைக் கணிப்பதையும் ரைக்ஸ் எழுதும்போது அவசரப்படுவதில்லை. காறை எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள். தோளுக்கும் நெஞ்சுக்கும் நடுவே கிடக்கும் அந்தச் சின்ன எலும்பின் நெஞ்சுப்பக்க முனைதான் உடம்பிலேயே கடைசியாக ஒட்டி முடிகிறது. இருபதுகளின் நடுவிலோ அதற்குப் பிறகோ. ஒட்டாமல் இருந்தால் செத்தது இளந்தாரி. மகன் காணாமல்போனபோது அவனுக்குப் பத்தொன்பது வயது என்று சொல்லும் தாய்க்கு இந்த ஒரு விவரம் வகுப்புப் பாடமா? நீளம் என்று நீங்கள் சொன்ன இடங்கள்தான் அந்தப் புத்தகத்தின் உயிர் என்பேன்.

அத்தியாயத்துக்கு அத்தியாயம் கதவு தட்டும் சத்தத்தோடு முடிகிறது என்ற குறை சரியானதே. அது ரைக்ஸுக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். விஞ்ஞானி ஏன் தனியாகப் போய்க் கொலைகாரன் கையில் மாட்டவேண்டும் என்று சட்டம் படிக்கும் மாணவர் கேட்டதற்கும் என்னிடம் பதில் இல்லை. நம்முடைய சட்ட வைத்திய அதிகாரிகள் யாராவது பிரேத அறையைப் பூட்டிவிட்டுத் துப்பாக்கியோடு திரிவார்களா? பிரெனனுக்கு ஏற்றவர் மொன்றியல் துப்பறிவாளர் ரயனா, கலியானோவா என்ற பட்டிமன்றத்தை நான் கடந்துபோகிறேன்.

கம்பளை அண்ணன் துப்பறியும் கதை எழுத்தாளர் ராஜேஷ்குமாரை இழுத்தார். விவேக்கும் ரூபலாவும் என்றால் ஒரே இருப்பில் முடித்துவிடலாம், இந்த அம்மா முந்நூறு பக்கம் இழுக்கிறாரே என்பது அவருடைய ஆதங்கம். திருகோணமலை வீதிப் புத்தகக் கடைகளில் ‘க்ரைம் நாவல்’ வந்து இறங்குவதற்குக் காத்திருந்த தலைமுறை நாங்கள். அந்த ருசி எனக்கும் தெரியும். அதற்கு முன்னால் ‘மித்திரன்’ பத்திரிகைத் தொடர்கதைகளை வெட்டி வைத்துப் படித்த வீடுகளும் இந்த ஊரில் இருந்தன. ஆனால் நம் பொக்கெட் நாவல்களில் தடயவியலுக்கு என்ன இடம்? ஃபாரன்ஸிக் ஆட்கள் வருவார்கள், கைரேகைப் பவுடர் தூவுவார்கள், ‘மரணம் இரவு பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்’ என்று ஒரு வரி சொல்வார்கள், போய்விடுவார்கள். அந்த ஒரு வரியைச் சொல்ல என்ன பாடு படவேண்டும் என்பது தனிக்கதை. கீழே வருகிறேன்.

நான் இந்த மடலை எழுதுவதற்குக் காரணம் வேறொரு கேள்வி. அக்குறணையிலிருந்து வரும் சகோதரி கேட்டார்: “அந்தக் கிராமத்துப் புதைகுழி என்ன ஆனது? தூதுவரின் மகள் வந்ததும் அந்தப் பிள்ளைகளை எல்லாரும் மறந்துவிட்டார்களே.” சரியாக அந்த நேரம் தேநீர் வந்தது. கேள்வி தட்டோடு போய்விட்டது.

அன்று பேசப்பட்டதில் மிகப் பெறுமதியான விமர்சனம் அதுதான். இருபத்துமூன்று பேரின் கொலையைக் காட்டித் தொடங்கிய நாவல் நான்கு பேரைத் தேடிப் போகிறது. புதைகுழி பின்னணிக்குத் தள்ளப்படுகிறது, மலக்குழிதான் கதையாகிறது. ஏன்? துப்பறியும் தொடருக்கு ஒரு பிணமும் ஒரு கொலைகாரனும் வேண்டும். கடைசி அத்தியாயத்தில் விலங்கு மாட்டவேண்டும். கதாநாயகி அடுத்த புத்தகத்துக்கு விமானம் ஏறவேண்டும். குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சம் பேர் கொல்லப்பட்டோ காணாமலாக்கப்பட்டோ போனார்கள் என்று அந்நாட்டு உண்மை ஆணைக்குழு 1999 இல் கணக்குச் சொன்னது. அதில் யாருக்கு விலங்கு மாட்டி எந்தப் பக்கத்தில் முடிப்பது? ரைக்ஸ் சோம்பேறித்தனத்தால் விட்டார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கையிலெடுத்த வடிவம் அந்தப் பாரத்தைத் தாங்காது. தெரிந்தே அதை முகப்பில் வைத்தார் என்பதற்காக அவரை மதிக்கிறேன். தாங்காத வடிவத்தை உடைத்துப் பார்க்கவில்லை என்பதற்காகக் குறை சொல்கிறேன்.

அக்குறணைச் சகோதரிக்கு மட்டும் அது ஏன் உறுத்தியது என்று யோசித்தேன். அவர் வீட்டு வாசலால் போகும் அதே ஏ-9 வீதியில் வடக்கே போனால் மாத்தளை. கண்டியிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். 2012 நவம்பரில் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் பயோகேஸ் அலகு ஒன்றுக்காக மண் வெட்டியபோது எலும்புகள் தட்டுப்பட்டன. நீதவானின் உத்தரவில் தோண்டத் தோண்ட 150க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. கூட்டத்தில் இருந்த நம்மில் பாதிப்பேருக்கு அது ஞாபகம் இருக்கும். எண்பத்தேழு முதல் எண்பத்தொன்பது வரையான கிளர்ச்சிக் காலத்தில் காணாமல்போன சிங்கள இளைஞர்களின் தாய்மார் படங்களைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றதும் ஞாபகம் இருக்கும்.

பிறகு என்ன நடந்தது? தொல்லியல் முறையில் அந்த இடத்தை ஆராய்ந்த பேராசிரியர் ராஜ் சோமதேவ, புதைக்கப்பட்டது 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலம் என்றார். அரசு நியமித்த ஆணைக்குழு, அமெரிக்க ஆய்வகம் ஒன்றின் கார்பன் முடிவை வைத்து, 1950க்கு முற்பட்டது என்றது. ஒரே குழி, ஒரே எலும்புகள், நாற்பது வருட இடைவெளி. முதலாவது உண்மையானால் அது குற்றம். இரண்டாவது உண்மையானால் பழைய கொள்ளைநோய்க் காலத்துப் புதைப்பாகவும் இருக்கலாம்.

கார்பன் காலக்கணிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் ரைக்ஸின் நாவல்களில் இப்படியான இடங்கள்தான் நமக்குத் தலைவலியாக இருந்தன. உயிரோடு இருக்கும்வரை உடம்பு காற்றிலுள்ள கதிரியக்கக் கார்பனை உணவு வழியாக ஏற்றுக்கொண்டே இருக்கும். செத்தபின் அது மெல்லக் குறையும். பாதியாவதற்கு 5,730 ஆண்டு. ஆகவே சில ஆயிரம் வருடத்துக்கு நல்ல கடிகாரம். நேற்றைக்கும் முந்தாநாளுக்கும் மோசமான கடிகாரம். ஆனால் மனிதன் செய்த ஒரு அநியாயம் இதற்கு உதவிக்கு வருகிறது. 1950களின் நடுப்பகுதியிலிருந்து வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டு வெடித்துச் சோதித்ததில், காற்றிலிருந்த கதிரியக்கக் கார்பன் அறுபதுகளின் தொடக்கத்துக்குள் ஏறக்குறைய இரட்டிப்பானது. அதன்பின் உயிர்வாழ்ந்த எல்லோருடைய உடம்பிலும் அந்தக் குண்டின் சுவடு இருக்கும், கண்டியில் பிறந்தவராயினும் சரி. எனவே 1950க்கு முன் செத்தவரையும் 1989 இல் செத்த இருபது வயதுப் பையனையும் பிரித்தறிய வழி உண்டு. ஆனால் எந்த எலும்பு, யார் எடுத்தது, எப்படிப் பொதி செய்தது, 150 பேரில் எத்தனை பேருடையது அனுப்பப்பட்டது என்ற கேள்விகளுக்குப் பதில் இருந்தால்தான் ஆய்வகத்தின் எண்ணுக்கு மதிப்பு. மன்னாரிலும் இதே கதை. 2018 இல் சதொச கட்டட வளவில் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. ஆறு மாதிரிகள் புளோரிடாவுக்குப் போயின. 2019 மார்ச்சில் வந்த முடிவு 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலம் என்றது. காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் அதை ஏற்கவில்லை.

இங்கேதான் எனக்கு அந்த நாவலோடு பெரிய பிணக்கு. பிரெனனின் உலகத்தில் நிபுணர் ஒருவர்தான். அவர் எலும்பைப் பார்த்துச் சொன்னால் சொன்னதுதான். எதிர்க்கட்சியில் இன்னொரு பேராசிரியர் எழுந்து நின்று, ‘அம்மணி சொல்வது தவறு, காரணம் இது’ என்று சொல்வதில்லை. தடயவியல் தொடர்களின் பொதுக்குணம் இது. பற்றீசியா கோர்ன்வெலின் ஸ்கார்பெட்டா வரிசைக்கும் பெரும்பாலும் பொருந்தும். விஞ்ஞானம் அதிகம் என்று நீங்கள் குறைப்பட்டீர்கள். எனக்கோ அதில் தகராறு போதவில்லை.

தகராறு எப்படி இருக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே உலகப் புகழ்பெற்ற உதாரணம் உண்டு. இலங்கை, சிங்கப்பூர், மலாயா ஆகிய மூன்று நாட்டு அணிகளுக்கும் தலைமை தாங்கிய துடுப்பாட்ட வீரர் மகாதேவா சதாசிவம். 1951 ஒக்டோபர் 9 ஆம் திகதி பம்பலப்பிட்டி வீட்டில் அவருடைய மனைவி கொலையுண்டு கிடந்தார். சதாசிவம் அன்று காலை பத்தரை மணியளவில் வீட்டைவிட்டுப் புறப்பட்டிருந்தார். கொலைக் குற்றம் அவர்மீது சாட்டப்பட்டது. மரணம் அவர் புறப்படுவதற்கு முன்னா, பின்னா? வழக்கின் கழுத்து அந்த ஒரு கேள்வியில் தொங்கியது. அரச தரப்பில் கொழும்பின் முதல் சட்ட மருத்துவப் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம். எதிரித் தரப்பில் எடின்பரோவிலிருந்து வரவழைக்கப்பட்ட சேர் சிட்னி ஸ்மித். குறுக்கு விசாரணைக்குக் கொல்வின் ஆர். டி சில்வா. உடம்பின் சூடு எவ்வளவு இறங்கியது, விறைப்பு எந்தக் கட்டத்தில் இருந்தது, இரைப்பையில் உணவு எந்த நிலையில் இருந்தது என்று நாட்கணக்கில் வாதம். 57 நாள் விசாரணைக்குப் பின் 1953 இல் ஜூரிகள் சதாசிவத்தை விடுவித்தார்கள்.

பொக்கெட் நாவலின் அந்த ஒரு வரியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். பிணத்தின் சூடு இறங்கும் வேகம் பற்றிய பழைய கணக்குகள் குளிர்நாட்டுப் பிணங்களை வைத்துப் போட்டவை. நம் வெயிலில் அவை பொய்க்கும். பிணத்தின் சூட்டுக்கும் அறையின் சூட்டுக்கும் வித்தியாசம் சொற்பமானால், இறக்கம் மெதுவாகத்தானே இருக்கும்? கொழும்பின் மதியம் வேறு, கண்டியின் மார்கழி விடியல் வேறு, நுவரெலியா இரவு வேறு. டி சேரம் இதை விடவில்லை. வெப்ஸ்டர், கதிர்காமத்தம்பி ஆகியோரோடு சேர்ந்து, தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடற்சூடு இறங்குவதை அளந்து 1955 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தூக்கு என்பதால் மரண நேரம் நிமிடக் கணக்கில் தெரியும். அதனால்தான் அந்த அளவீடுகளுக்கு உலகளவில் மதிப்பு. கேட்கவே உடம்பு கூசுகிறது. ஆனால் இதை வைத்து யாரும் ஒரு நாவல் எழுதியதாக நான் அறியவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

நாவல் என்றதும் மைக்கேல் ஒண்டாச்சி நினைவுக்கு வருகிறார். ‘அனில்ஸ் கோஸ்ட்’ 2000 இல், ரைக்ஸின் புத்தகத்துக்கு இரண்டு வருடம் முன் வந்தது. அதுவும் ஒரு தடயவியல் மானிடவியலாளரின் கதை. களம் நம் நாடு. அதில் அனில் ஒரே ஒரு எலும்புக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவனுக்குப் பெயர் தேடி அலைகிறாள். வாசிக்காதவர்களுக்கு முடிவைச் சொல்லிக் கெடுக்கமாட்டேன். நிபுணரை நிபுணரே சபையில் வைத்து மறுக்கும் ஒரு கட்டம் அதில் உண்டு. ஏன் மறுக்கிறார் என்பதுதான் கதையின் முடிச்சு. பிரெனன் வரிசையில் நான் வாசித்தவற்றில் இல்லாத கட்டம் அது. கதை மெதுவாகப் போகிறது, கொலைகாரன் யாரென்று தெளிவாகச் சொல்லவில்லை என்று கம்பளை அண்ணன் நிச்சயம் சண்டைக்கு வருவார். வரட்டும்.

தமிழில் ஏன் இல்லை என்பதும் அன்று எழுந்தது. சுஜாதாவின் கணேஷ், வசந்தோடு விஞ்ஞானம் போய்விட்டது என்று ஒருவர் சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. நம் ஊரையே பாருங்கள். கண்டியில் பிறந்து வழக்கறிஞராக இருந்த சித்திலெவ்வை 1885 இல் எழுதிய ‘அசன்பேயுடைய சரித்திரம்’தான் இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று பலரும் கொள்கிறார்கள். அதுவே களவாடப்பட்ட குழந்தையும் ஊர்விட்டு ஊர் அலைவதும் சூழ்ச்சியுமாக ஓடும் சாகசக் கதைதான். பேராதனையில் 1962 முதல் மருத்துவ பீடம் இருக்கிறது. சட்ட மருத்துவம் அங்கே கற்பிக்கப்படுகிறது. நீதவான் மன்றத்தில் மும்மொழியிலும் சாட்சியம் புழங்குகிறது. தோட்டத்தில் ஒரு சாவு நடந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி வருவதிலிருந்து, தமிழில் சொன்ன சாட்சியம் சிங்களத்தில் பதிவாகி மரண அறிக்கையில் என்னவாக முடிகிறது என்பதுவரை எத்தனை கண்ணி! ஒரு தாதிக்கும் ஒரு சட்ட மாணவருக்கும் இடையில் இருபது நாவலுக்குரிய சரக்கு அந்த அறையில் உட்கார்ந்திருந்தது. அது எழுதப்படும்போது அதில் இரண்டாவது நிபுணர் ஒருவர் இருக்கட்டும். முதலாமவரைவிடக் கெட்டிக்காரராக இருக்கட்டும். புதைகுழியைத் தொட்டால், அதை விட்டுவிட்டு வேறு பிணம் தேடிப் போகாதிருக்கட்டும்.

‘கிரேவ் சீக்ரெட்ஸ்’ பற்றி என் தீர்ப்பு இதுதான்: முதல் ஐம்பது பக்கத்துக்காக வாசிக்கலாம், மீதி நல்ல பஸ் பயணத்துக்கு ஆகும்.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு புத்தகங்களைப் பிரேரிக்கிறேன். ஒன்று ‘அனில்ஸ் கோஸ்ட்’. மற்றது சதாசிவம் வழக்கைப் பற்றிச் சட்ட மருத்துவப் பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ எழுதிய ‘எ மர்டர் இன் சிலோன்’. இரண்டும் ஆங்கிலம், சிரமப்படுகிறவர்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதித் தருவது என் பொறுப்பு. டி. எஸ். சேனநாயக்க நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பேச்சைத் தொடங்குவது அக்குறணைச் சகோதரி. தேநீர் அவர் பேசி முடித்த பிறகு வரட்டும். ரைக்ஸின் புத்தகம் இன்னும் யார் வீட்டிலோ இருக்கிறது. எடுத்தவர் தயவுசெய்து கொண்டுவரவும், அது என்னுடைய பிரதி.

அன்புடன்,
உங்களில் ஒருவன்